உஷாராணியின் எழுபத்திரண்டு மணி நேரம்

டெல்லி லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உஷாராணிக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து வாங்கினாள்.

ஊர் அருப்புக்கோட்டை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். டெல்லி கன்டோன்மென்டில் ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் பரமசிவத்தைக் கட்டிக்கொண்டு முனிர்காவில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். 2012 மார்ச் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஒப்பந்த ஊழியராக வேலையில் சேர்ந்தாள். பதவி, டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். ஆறாவது மாதமே சர்வர் அறைச் சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. பதவியின் பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை. சர்வர் படுத்துக்கொண்டால் மாடி முழுக்க "உஷா எங்கே, உஷா எங்கே" என்று தேடும். அது எழுந்து நின்றபின் பாராட்டுக் கடிதம் யாராவது ஒரு நிரந்தர ஊழியரின் மேஜைக்குப் போகும். இப்படிப் பன்னிரண்டு ஆண்டு போனால் புத்தனுக்கே பல் நறநறக்கும்.

ஒப்பந்தம் ஒவ்வொரு பிப்ரவரியும் கடைசி நாளில் முடியும். நீட்டிக்க வேண்டுமானால் பிரிவு அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். பிரிவு அதிகாரி சேஷு. கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அரசாங்க குமாஸ்தா. தமிழ் பேசுவார், படிக்க வராது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். அவர் கையெழுத்திட்ட தாளில் தேதி தப்பாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த அலுவலகத்தின் சொத்து என்று சொன்னால் ஓய்வூதியக் கோப்புகள்தான். அத்தனையும் ஸ்கேன் செய்யப்பட்டுப் பழைய சர்வர் ஒன்றில் கிடந்தன. அதைத் தினமும் சாயங்காலம் உஷாராணியே முறைப்படி அணைத்துவிட்டுப் போவாள். அதை ஒரு வெளிக் கம்பெனியின் கிளவுடுக்கு ஏற்றிவிடலாம் என்று ஜனவரியில் பேச்சு வந்தது. கம்பெனியே ஆட்களையும் அனுப்பும். உஷாராணி செய்கிற வேலையை அந்த ஆட்கள் செய்வார்கள். அதாவது, மார்ச் மாதம் அவள் முனிர்காவில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டியதுதான்.

ஜனவரி முப்பதாம் தேதிக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே அவள் எழுந்தாள். இந்தியில் சொன்னாள்: "அடுத்தவன் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுப்பானேன்? நம் கட்டடத்துக்குள்ளேயே, நம் கம்ப்யூட்டர்களை வைத்தே கிளவுட் கட்டலாம். பிரைவேட் கிளவுட். மென்பொருள் இலவசம். கோப்பு வாசலைத் தாண்டாது. முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் சோதனையாகக் கட்டிக் காட்டுகிறேன்."

இதை முடிவு செய்யும் குழுவின் தலைவர் சுஷ்மா மேடம், இணைச் செயலாளர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "காட்டு. பிப்ரவரி ஐந்து திங்கள் பதினொரு மணியிலிருந்து எட்டு வியாழன் பதினொரு மணிவரை, எழுபத்திரண்டு மணி நேரம், நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் பேசலாம். நின்றால் கம்பெனிக்கு."

ஸ்டோரிலிருந்து ஒரு டெஸ்க்டாப்பைத் தள்ளிவிட்டார்கள். ஐந்து வயதான பெட்டி; பதினாறு ஜிபி நினைவகம். மானிட்டர் கிடையாது. வைக்க இடமும் கிடையாது. பதிவறையில், இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தாள். தன் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்த்தாள்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் வசதி, பெட்டியின் அடிப்படை அமைப்பான பயாஸில் பூட்டிக் கிடந்தது. முதலில் அதைத் திறந்தாள். கையோடு கையாக, மின்சாரம் போய்த் திரும்பினால் பெட்டி தானாகவே எழுந்துகொள்ளும்படியும் வைத்தாள். டெல்லி மின்சாரத்தை யார் நம்புவது? பிறகு பழையதையெல்லாம் துடைத்துப் புதிதாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, டெவ்ஸ்டாக் என்ற சோதனைத் தொகுப்பை இறக்கினாள். கடவுச்சொற்களையும் பெட்டியின் முகவரியையும் ஒரு சிறிய கோப்பில் எழுதிக் கொடுத்து ஸ்கிரிப்டை ஓடவிட்டால், கிளவுடின் எல்லா உறுப்புகளையும் அதுவே ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு போகும். முதல் தடவை முப்பதாவது நிமிடத்தில் முகவரி தப்பு என்று நின்றது. இரண்டாம் தடவை டிஸ்க்கில் இடமில்லை என்றது. வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, மூன்றாம் தடவை, ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடி முடிந்தது. உலாவியைத் திறந்தாள். உள்நுழையும் பக்கம் வந்தது. ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை அதற்குள் உருவாக்கி, ஓய்வூதியக் கோப்பு ஒன்றின் முதல் பக்கத்தை அதில் வைத்துத் திறந்தாள். திறந்தது.

ஒரு தாளில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் "இந்த மெஷினை அணைக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினாள். அதற்குக் காரணம் இருந்தது. டெவ்ஸ்டாக் சோதனைக்கான குடிசை, வீடல்ல. பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டால் எல்லாம் சரிந்துவிடும். கலைத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு வந்து பார்த்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசிறி சுற்றியது. ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. கிளவுட் மட்டும் செத்துக் கிடந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டினாள். பத்தே முக்காலுக்கு எழுந்தது. பதினொன்றுக்கு எழுபத்திரண்டு மணிக் கணக்கு தொடங்கியது. செவ்வாய் காலை மறுபடி செத்துக் கிடந்தது.

சேஷு பதிவறை வாசலில் வந்து நின்றார். கையில் டீ. "என்னம்மா உஷா, உன் மேகம் இன்னிக்கும் கலைஞ்சுடுத்தா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"நோட் போட்டுக்கறேன். அஞ்சாம் தேதி ஒம்பதரை, ஆறாம் தேதி ஒம்பதரை. செயலிழந்து இருந்தது. சரிதானே?"

"சரிதான் சார்."

"பாரு, பெரிய கம்பெனின்னா இப்படி ஆகாது. நம்மாத்து உப்புமா நம்மாத்துக்குத்தான்." சிரித்துக்கொண்டே போனார்.

கிளவுட் தன் போக்கை எழுதிவைக்கும் லாக் கோப்புகளை அவள் வரி வரியாகப் படித்தாள். தரவுத்தளத்தைச் சந்தேகப்பட்டாள். நினைவகத்தைச் சந்தேகப்பட்டாள். தன் படிப்பையே சந்தேகப்பட்டாள். மறுபடி கட்டி ஓடவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அன்று இரண்டு வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை. பரமசிவம், "ஏ, ஒரு பெட்டி ஓடலன்னா இன்னொரு பெட்டி. அதுக்கு ஏன் தட்ட நங்குன்னு வைக்கிற?" என்று கேட்டான். "ஒங்க பட்டறையில டாங்க்கு தெனமும் காலையில செத்துக் கெடந்தா சிரிப்பீகளா?" என்றாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

புதன் காலையும் அதே சாவு. அப்போதுதான், முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தாள். பெட்டி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று கேட்டாள். ஐம்பத்தோரு நிமிடம் என்றது.

பிறகு, இதுவரை எப்போதெல்லாம் எழுந்தாய் என்று கேட்டாள். பெட்டி பட்டியல் போட்டது. திங்கள் 8.43. செவ்வாய் 8.41. புதன் 8.44. தினமும் யாரோ அதன் கழுத்தைத் திருகியிருக்கிறார்கள்; தினமும் காலையில், அவளே வைத்த ஏற்பாட்டின்படி, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல அது எழுந்து பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தன் கெட்டிக்காரத்தனமே தன் கண்ணைக் கட்டியதை நினைத்து அவளுக்கு உள்ளங்கால்வரை எரிந்தது.

பக்கத்து மேஜை ராஜத்திடம் கேட்டாள். ராஜம் அந்த மாடியில் இருபத்தாறு ஆண்டு குமாஸ்தா. "ராஜம் அக்கா, சாயங்காலம் நம்ம மாடியில கரண்ட யார் அணைக்கிறா?"

"அது தெரியாதா உனக்கு? நீதான் அஞ்சரை பஸ்ஸுக்கு ஓடிப்போயிடறியே. நம்ம சேஷு சார்தான். சாமி ரூமைச் சாத்தற மாதிரி ஒவ்வொரு ரூமா பாத்துட்டு, கடைசியில மெயினைக் கீழ இறக்கிட்டு, நோட்டுப் புஸ்தகத்துல டைம் எழுதிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார். காலம்பற கேர்டேக்கர் ஆள் வந்து ஏத்துவான். ஏன்?"

உஷாராணி எழுந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் முற்றினால் குரல் உயராது, இறங்கும். சேஷுவின் மேஜை முன்னால் போய் நின்றபோது அது தரையில் கிடந்தது.

"சார், தெனமும் சாயங்காலம் நீங்கதான் என் மெஷினச் சாகடிக்கிறீங்க."

சேஷு பேனாவை மூடினார். "நானா? உன் மெஷினை நான் தொட்டதே இல்லையேம்மா."

"மெஷினை அணைக்காதீங்கன்னு தாள் ஒட்டியிருக்கேன்ல?"

"ஒட்டியிருக்கே. படிச்சேன். மெஷினை அணைக்காதேன்னு எழுதியிருந்தது, அணைக்கலை. நான் அணைச்சது ஃப்ளோர் மெயின். அது கண்டிப்பா அணைக்கணும். சர்க்குலர் இருக்கு."

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. அயோக்கியன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

"மூணு நாளா நான் பைத்தியம் மாதிரி தேடிக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்?"

"நீ கேக்கலையே!" அவரும் சூடானார். "உனக்கு என்ன தெரியும்? 2004 டிசம்பர் பதினாலாந்தேதி எவனோ ஹீட்டரை அணைக்காமப் போயிட்டான். நாலு அல்மாரி சாம்பல். அப்போ நான் குமாஸ்தா. உங்க ஃபைல் எரிஞ்சுபோச்சு, மறுபடி எல்லாத்தையும் அனுப்புங்கோன்னு அறுபத்தேழு விதவைகளுக்கு லெட்டர் டைப் அடிச்சவன் நான். அன்னிலேர்ந்து மெயினை நானே இறக்கறேன். ஒரு நாள் தப்பினது இல்லை."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "சரி சார். இன்னிக்கு ஒரு நாள் பதிவறை லைனை மட்டும் விட்டுருங்க."

"மெயின்ல தனி லைன் கிடையாதும்மா. விலக்கு வேணும்னா கேர்டேக்கர் செக்ஷனுக்கு நோட் போடு. நான் ஃபார்வர்ட் பண்றேன்."

நோட் போட்டாள். பன்னிரண்டு பத்துக்குக் கொடுத்தாள். சர்க்குலரின் எண்ணைக் குறிப்பிடவில்லை என்று ஒன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தது. எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். கேர்டேக்கர் பிரிவில் ஆள் லீவ், நாளை வா என்றார்கள். தானே மாலையில் காவல் இருக்கலாம் என்றால், ஒப்பந்தப் பெண் ஊழியர்கள் ஆறு மணிக்குமேல் இருக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியையும் சேஷுதான் தர வேண்டும். அதற்கும் ஒரு நாள் முன்னால் மனு போட வேண்டும். ஐந்தரைக்கு அவள் படியிறங்கியபோது ஒவ்வொரு படியும் அதிர்ந்தது.

வியாழன் காலை ஒன்பதேகாலுக்கே வந்தாள். 8.42 என்றது பெட்டி.

மறுபடி கட்ட நேரம் இருந்தது. பத்தரைக்குள் கட்டி எழுப்பி, பதினொன்றுக்கு அழகாகக் காட்டிவிட்டு, கேள்வி வந்தால் மழுப்பலாம். விரலை ஸ்கிரிப்டின்மேல் வைத்திருந்தபோதுதான், குழுவுக்காக சேஷு தயாரித்த குறிப்பின் நகலை ராஜம் கொண்டுவந்து கொடுத்தாள். "அடியே, உன்னைப் பத்தித்தான் இது. பாத்துடு."

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகிய தேதிகளில் காலை 9.30 மணிக்குச் சோதனை அமைப்பு செயலிழந்திருந்தது என்றது குறிப்பு. நான்கு தேதிகளும் சரி. எட்டாம் தேதிக்கு இன்னும் ஒன்பதரை ஆகவில்லை. அதையும் முன்கூட்டியே எழுதிவிட்டார், அதுவும் சரியாகத்தான் இருந்தது. காரணம் என்ற கட்டம் காலி.

நேராக அவரிடம் போனாள். "சார், காரணம்ங்கிற எடத்துல ஒண்ணும் எழுதலையே."

"அது டெக்னிகல் விஷயம். என் வேலை இல்லை."

"மெயினை எறக்குனது டெக்னிகலா?"

"உஷா, உன் ரெக்கமண்டேஷன் என் டேபிள்ல இருக்கு. இன்னும் எழுதலை. வீணா மீட்டிங்ல சத்தம் போடாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் இதை மிரட்டலாகச் சொன்னாரா, பெரியவராகச் சொன்னாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. உஷாராணி திரும்பி வந்தாள். ஸ்கிரிப்டை ஓடவிடவில்லை. பெட்டி போட்ட பட்டியலை அச்செடுத்து எடுத்துக்கொண்டு, செத்த கிளவுடைச் செத்தபடியே விட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கூட்ட அறைக்குள் போனாள்.

சேஷு குறிப்பை வாசித்தார். சுஷ்மா மேடம் அவள் பக்கம் திரும்பினார். "நான்கு நாளும் நின்றிருக்கிறது. என்ன சொல்கிறாய்?"

"நிற்கவில்லை மேடம். நிறுத்தப்பட்டது." அச்சுத் தாளை மேஜைமேல் வைத்தாள். "கம்ப்யூட்டர் எழுந்த நேரங்கள் இவை. நான்கு நாளும் எட்டு நாற்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள். அதற்கு முந்தின மாலைகளில் மின்சாரத்தை இறக்கியது யார், எத்தனை மணிக்கு என்று சேஷு சாரைக் கேளுங்கள்."

ஒப்பந்த ஊழியர் தன் அதிகாரியை விரல் நீட்டிப் பேசி அந்த அறை பார்த்ததில்லை.

"மிஸ்டர் சேஷு?"

சேஷு எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. ஒன்றும் தெரியாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அவள் கதை முடிந்திருக்கும். ஆனால், நேரம் எத்தனை என்று யாராவது கேட்டால் தப்பாகச் சொல்ல அவருக்கு வராது. "வெள்ளிக்கிழமை 6.17. திங்கள் 6.15. செவ்வாய் 6.20. நேற்று 6.16. நான்தான் இறக்கினேன். சர்க்குலர்படி."

மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் குழுவே சிரித்தது. யாரோ, "மின்சாரத்தை மிச்சப்படுத்தி கிளவுடைக் கொன்றாராம்" என்றார்.

"சிரிக்க இதில் என்ன இருக்கிறது?"

உஷாராணியின் குரல்தான். இந்தியில், தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "மூன்று நாள் என் படிப்பையே நான் சந்தேகப்பட்டேன். நீங்கள் சிரிக்கிற இந்த விஷயத்தால் என் வேலையே போகவிருந்தது. அவர் அணைத்ததிலும் தப்பில்லை, அவருக்கு அதற்குக் காரணம் உண்டு. அந்த மாடியில் இரவும் பகலும் ஓட வேண்டியது ஒன்று இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றாததுதான் தப்பு. அதைக் கட்டினவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாததுதான் தப்பு."

சிரிப்பு நின்றது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மின்சாரம் போனால் எல்லாம் சரிந்துவிடும் என்றால், நம் கோப்புகளை இதை நம்பி எப்படி வைப்பது?"

நியாயமான கேள்வி. கோபத்திலும் அவள் அதை மதித்தாள். "இதை நம்பி வைக்கக் கூடாது மேடம். இது கட்டிப் பார்ப்பதற்கான மாதிரி. நிஜமாகக் கட்டும்போது மூன்று கம்ப்யூட்டர்கள், இடைவிடாத மின்சாரம். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். சரிகிற மாதிரியை வைத்துத்தான் சரியாத கட்டடத்தைக் கட்டுவார்கள்."

மேடம் ஒரு நிமிடம் எதையோ எழுதினார். "பன்னிரண்டாம் தேதியிலிருந்து மறுபடி எழுபத்திரண்டு மணி நேரம். பெட்டியை லிஃப்டின் லைனுக்கு மாற்றுங்கள். மிஸ்டர் சேஷு, அந்த லைனை யாரும் தொடக் கூடாது."

"எழுத்தில் கொடுத்தால் தொட மாட்டேன் மேடம்," என்றார் சேஷு. எழுத்தில் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி பதினொன்றிலிருந்து பதினைந்தாம் தேதி பதினொன்றுவரை அது ஓடியது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்த மூன்று நாளும் சேஷு அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கவும் இல்லை. கம்பெனியின் யோசனையைக் குழு ஒத்திவைத்தது. மூன்று கம்ப்யூட்டர்கள் கேட்டுக் கோப்பு மேலே போனது. ஆனால் பரிந்துரை வரவில்லை. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவளை இன்னொரு பிரிவுக்குத் தள்ளிவிடுவார் என்று ராஜம் காதைக் கடித்தாள். "போய் ஒரு சாரி சொல்லிடேன். என்ன குறைஞ்சுடும்?"

"எதுக்கு அக்கா சாரி?"

"சும்மாத்தான்."

"சும்மாவுக்கெல்லாம் சாரி சொல்ல எங்க ஊர்ல பழக்கமில்ல."

இருபத்து மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகாலுக்கு சேஷு கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் பரிந்துரைப் படிவம். அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வேலைத் திறன்: மிகவும் திருப்தி. தொழில்நுட்ப அறிவு: சிறப்பு. நீட்டிப்பு: பரிந்துரைக்கப்படுகிறது, பதவிப் பெயரை சிஸ்டம்ஸ் அசிஸ்டன்ட் என மாற்றவும். நடத்தை: முன்கோபி, மேலதிகாரிகளிடம் கடுமையாகப் பேசுகிறார்.

உஷாராணி இரண்டு முறை படித்தாள். புதிய பதவிப் பெயரில் ஒரு கணம் கண் நின்றது. பிறகு கடைசி வரிக்கு வந்தது.

"முன்கோபின்னு எழுதியிருக்கீங்களே சார்."

"பொய்யா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? நான் பாத்ததைத்தான் எழுதினேன். நல்லதையும் எழுதினேன், இதையும் எழுதினேன். ஊழியர் கருத்துன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு. எழுதறதுன்னா எழுது. ஜல்தி, டிஸ்பாட்ச் அஞ்சரைக்கு மூடிடுவான்."

அவருடைய பேனாவையே எடுத்தாள். "மேலதிகாரிகளிடம் கடுமையாகப் பேசியது உண்மை. எட்டாம் தேதி, காலை 11.10, காரணம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, பத்தி நான்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சேஷு தாளைத் திருப்பி வாசித்தார். "11.12," என்றார். "நான் கடிகாரத்தைப் பாத்தேன்."

அவள் பத்தை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நன்றி என்றும் சொல்லாமல் வெளியே வந்தாள்.